நீலம் பாய்ந்த கண்ணாடி

கணேஷ்ராமுக்கு வயிறு எரியத் தொடங்கியது, கைப்பேசியில் தன் மனைவியின் படத்தைப் பார்த்தபோதுதான்.

பெண்டாட்டி படத்தைப் பார்த்து வயிறு எரிகிறவன் உலகத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. படத்தை எடுத்தவன் வேறொருவனாகவும், பார்க்கிறவன் இருபத்திரண்டு வருசமாகப் பாளையங்கோட்டையில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவனாகவும் இருந்தால் கண்டிப்பாக உண்டு.

முந்தின வாரம் சித்ரலேகாவின் தங்கை விஜயஸ்ரீ அம்பாசமுத்திரத்தில் புது வீட்டுக்குப் பால் காய்த்தாள். "அத்தான் ஒரு நாளாவது கேமராவக் கீழ வச்சுட்டு நிம்மதியாச் சாப்பிடட்டும்" என்று நல்ல மனதோடுதான் அவள் படம் எடுக்க வேறு ஆளை வைத்தாள். அந்த வேறு ஆள் முத்துமாலை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவன். கோயில் கொடைகளில் சாமியாடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், இரண்டு வருசத்தில் எப்படியோ கல்யாண மண்டபங்களுக்குள் வந்துவிட்டான். வந்ததோடு நிற்கவில்லை, நிலைத்தும் விட்டான்.

அவன் எடுத்த படத்தில் சித்ரலேகா பால் பொங்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள். புகைக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். நெற்றி வியர்வையில் முடி ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த நிறம்! நெய் உருகி வருகிறபோது ஒரு நிறம் இருக்குமே, அது அவள் கன்னத்தில், சேலையில், பின்னால் இருந்த வெறும் சுண்ணாம்புச் சுவரில்கூட இறங்கியிருந்தது. நாற்பத்தொரு வயசுக்காரி நேற்றுத்தான் நிச்சயம் ஆனவள் மாதிரி இருந்தாள்.

கணேஷ்ராம் தன் மனைவியை ஆயிரம் படமாவது எடுத்திருப்பான். அத்தனையிலும் அவள் ரேஷன் கார்டுக்கு நிற்பது போலத்தான் நிற்பாள்.

அவள் அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப்பில் முகப்பாக வைத்தாள். வந்தது வினை. அவள் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியின் டீச்சர்மார் முதல் தென்காசி அத்தை வரை எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்டுக்காரர் எடுத்ததா?" சித்ரலேகாவுக்குப் பொய் வராது. "இல்லம்மா, முத்துமாலைன்னு ஒரு தம்பி" என்று ஒவ்வொருத்தருக்கும் அலுக்காமல் சொன்னாள். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த கணேஷ்ராமின் காதில் அது ஒவ்வொரு தடவையும் விழுந்தது. பத்தொன்பது தடவை விழுந்தது. எண்ணியிருக்கிறான் பாவி.

அந்த நிறத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டினான். கம்ப்யூட்டரில் மஞ்சளைக் கூட்டினான், நீலத்தைக் குறைத்தான், இணையத்தில் விற்கிற வண்ணக் கலவைகளையெல்லாம் வாங்கி இறக்கினான். மேலப்பாளையம் பக்கத்தில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தின் படங்கள் முழுவதையும் அப்படியே மாற்றிக் கொடுத்தான். பெண்ணின் தாய்மாமன் ஆல்பத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஏம்ப்பா, எங்க பிள்ளைக்குக் காமாலையா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டார்.

வண்ணாரப்பேட்டையில் ஆல்பம் அச்சடிக்கிற இடத்தில் ஒருநாள் முத்துமாலையே எதிர்ப்பட்டான். கணேஷ்ராம் நாலு பேச்சு சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "கலர் எல்லாம் எதுலடே போடுத?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டான்.

"கலரா? நான் ஒண்ணும் போடலியே அண்ணாச்சி. எல்லாம் இவரு பாத்துக்கிடுதாரு" என்று முத்துமாலை பையைத் திறந்து ஒரு லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்தான்.

கையடக்கமான பழைய லென்ஸ். உலோக உடம்பில் கறுப்புப் பூச்சு பல இடத்தில் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. தூத்துக்குடியில் ஒரு காயலாங்கடையில் தராசுக்குப் பக்கத்தில் கிடந்ததாம். எழுபது வருசத்துக்கு முந்திய ஜெர்மன் சரக்கு. ஒரு வளையத்தைக் கடைந்து மாட்டி இந்தக் காலத்துக் கேமராவில் பொருத்தியிருந்தான்.

"மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க அண்ணாச்சி. நீலமும் ஊதாவுமா மினுங்குதுல்லா? அது கண்ணாடி மேல போட்ட பூச்சு. நீல வெளிச்சத்துல கொஞ்சத்த அது வாசல்லயே திருப்பி விட்டிருது. மிச்சம்தான் உள்ள போகுது. அதான் படத்துல மஞ்சளும் செவப்பும் தூக்கலா நிக்குது. இப்பத்து லென்ஸ்ல ஏழெட்டுப் பூச்சு. அது எல்லா நெறத்தையும் ஒண்ணு போல உள்ள விட்டிரும். நேர்மையான லென்ஸு. ஆனா நேர்மையா எடுத்தா யாருக்குப் பிடிக்கி?" என்று சிரித்தான். கணேஷ்ராம் சட்டை நுனியை லென்ஸுக்குக் கொண்டுபோனதும் பதறிப்போய்க் கையைப் பிடித்தான். "அய்யோ, தொடைக்காதீங்க அண்ணாச்சி! அந்தக் காலத்துப் பூச்சு மெழுகு மாதிரி. கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சாக் கையோட வந்திரும். நான் ஊதுறதோட சரி."

அவன் மறைத்திருந்தால்கூடக் கணேஷ்ராம் மன்னித்திருப்பான். மறைக்கிறவனைத் திருடன் என்று திட்டலாம். இவனோ கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டு, "உங்களுக்கு வேணும்னா ஒருநாள் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க அண்ணாச்சி" என்று வேறு சொன்னான். இப்படிப்பட்டவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது கணேஷ்ராமின் மனசு லேசாக இருந்தது. எல்லாம் கண்ணாடிதானே! இவனிடம் என்ன இருக்கிறது? காயலாங்கடையில் கிடந்தது குரங்கு கையில் அகப்பட்டது, அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். கணேஷ்ராம் ஒரு படி மேலே போய், நன்றாக ஆடுகிறவளுக்குக் கூடம் நேராக வாய்த்துவிட்டது என்றான். அந்த நினைப்பில் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது ஞானசம்பந்தன் வீட்டில். அவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், கணேஷ்ராமுக்குத் தூரத்து உறவு. அவர் வீட்டுக் காதுகுத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் கணேஷ்ராம் எடுத்ததுதான். இப்போது மகள் கல்யாணம், பாபநாசத்தில் ஆற்றங்கரை மண்டபத்தில். கூப்பிடுவார் என்று காத்திருந்தவன் பொறுக்க முடியாமல் தானே போய் நின்றான்.

"தப்பா நெனச்சுக்கிடாதியும் வே" என்றார் ஞானசம்பந்தன், அவன் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே. "நீரு எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். எம்மவ அந்த முத்துமாலைப் பயதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. உம்ம பெண்டாட்டி வாட்ஸ்அப்புல வச்சிருக்காளே ஒரு போட்டோ, அத எம்மவளுக்குக் காட்டுனதே அவதான். அந்தக் கலரு வேணுமாம். நீரு குடும்பத்தோட வந்து முன்னால உக்காரணும், ஆமா!"

கணேஷ்ராம் சிரித்தான். "அதுக்கென்ன மாமா" என்றான். தெருவுக்கு வந்து பைக்கை உதைத்தான், அது கிளம்பவில்லை. சாவி போடவில்லை என்பதே நாலு உதைக்கு அப்புறம்தான் தெரிந்தது. வாழை இலை அறுக்கிற வீட்டுப் பையன் நம்ம சாதி சனத்துக்குள்ளேயே வந்து இலை போட்டுவிட்டான் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முத்துமாலை வீட்டுக்கே வந்துவிட்டான். லென்ஸின் குவிக்கிற வளையம் இறுகிப்போய்ச் சுற்ற மாட்டேன் என்கிறதாம். "உங்களுக்குக் கழட்டி மசகு போடத் தெரியும்னு லேப்ல சொன்னாவ அண்ணாச்சி. வெளிய எவன்ட்டயும் குடுக்க மனசு வரல. உங்களுக்குன்னா அதோட அருமை தெரியும்." ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டியை சித்ரலேகாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கணேஷ்ராம் வேலையில் குறை வைக்கிறவன் அல்ல. அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து, வளையத்தைக் கழற்றி, காய்ந்து பிசினாகிக் கிடந்த பழைய மசகை வழித்தெடுத்து, புது மசகு தடவி, ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிற மாதிரி செய்துவிட்டான். கண்ணாடியில் அவன் விரல்கூடப் படவில்லை. அந்த வேலை நடந்த நேரம் முழுக்க அவன் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் மேசையில் ஒரு தினத்தாளை விரித்து, முன்கண்ணாடி மேலே பார்க்கும்படி லென்ஸை வைத்துவிட்டு, கை கழுவிக் காப்பித் தம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

அது வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை பூசைக்காக சித்ரலேகா வெள்ளிச் சாமான்களைத் துலக்குகிற நேரம். குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், குங்குமச்சிமிழ் எல்லாவற்றையும் அதே மேசையில் பரப்பி வைத்துக்கொண்டாள். விபூதியைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தேய்ப்பாள். அவள் அம்மா வீட்டிலும் அப்படித்தான். வெள்ளி கறுக்கத் தொடங்குவதற்கு முன்னால் அதன் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு கறை படரும். அதை அவர்கள் வீட்டில் 'நீலம் பாஞ்சிட்டு' என்பார்கள். நீலம் பாய்ந்ததை அப்படியே விட்டால் லட்சுமி முகம் சுளிப்பாள் என்பது கணக்கு.

அந்தக் கண்ணில்தான் லென்ஸ் பட்டது. கணேஷ்ராமின் புது லென்ஸ்களின் முன்னால் மாட்டுகிற காவல் கண்ணாடிகளை அவள்தான் எப்போதும் துடைத்துக் கொடுப்பாள். அவள் கை பதமான கை. இந்தப் பழசு பாவம், யாரும் கவனிக்காமல் நீலம் பாய்ந்து கிடக்கிறதே என்று நினைத்தாள். கருப்பட்டி கொண்டுவந்த தம்பிக்குப் பளிச்சென்று கொடுக்கலாமே.

"ஏங்க, இந்தக் கண்ணாடியும் நீலம் பாஞ்சு கெடக்கு. லேசா விபூதி போட்டுத் தேய்ச்சிரட்டா?"

கணேஷ்ராமுக்கு அது நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தான். நிலைவாசல் வழியாக அவள் முதுகும், வலது கையில் துணியும், இடது கையில் லென்ஸும் தெரிந்தன. வேண்டாம் என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஞானசம்பந்தன் வெற்றிலை துடைத்தது ஞாபகம் வந்தது. பத்தொன்பது தடவை கேட்ட 'முத்துமாலைன்னு ஒரு தம்பி' ஞாபகம் வந்தது. காப்பித் தம்ளரை வாயில் வைத்துக்கொண்டு, "ம்" என்றான்.

அது சம்மதமா, காப்பி இறங்கிய சத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு "ம்".

ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. துணி கண்ணாடியின் மேல் வட்டம் போடுகிற சின்னச் சத்தம் கேட்டது. அவன் எழுந்து ஓடியிருக்கலாம். பாதிப் பூச்சாவது மிஞ்சியிருக்கும். அவன் திரையில் ஏதோ ஒரு மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தினாலா சந்தோசத்தினாலா என்றால், சந்தோசத்தினால்தான். பயமும் கொஞ்சம் இருந்தது.

"பாருங்க, எப்படி இருக்குன்னு!" என்று அவள் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணாடி தண்ணீர் மாதிரி இருந்தது. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. அவள் சாய்த்துக் காட்டியபோது விபூதி கீறிய பொடிக்கோடுகள் ஆயிரம் தெரிந்தன.

"நல்லாருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமையும் சொல்லியிருக்கலாம். முத்துமாலையே சனிக்கிழமை கூப்பிட்டு, வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். "எதுக்குடே அலையுத, நாளைக்கு மண்டபத்துக்குக் கொண்டுவந்து தாறேன்" என்றான் கணேஷ்ராம். முன்கூட்டிக் கொடுத்தால் போட்டுப் பார்ப்பான் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பாபநாசம் வந்துவிட்டார்கள். மண்டப வாசலில், துணியில் சுற்றிய லென்ஸை கணேஷ்ராம் கொடுத்தான். வளையம் வழுக்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து முத்துமாலைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணாச்சி அண்ணாச்சிதான்" என்று அவசரமாகக் கேமராவில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடினான். அப்போது இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை.

சித்ரலேகா மணப்பெண் அறைக்குப் போய்விட்டாள். கணேஷ்ராம் முன்வரிசையில், நடுநாற்காலியில் உட்கார்ந்தான். மணமேடைக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த பெரிய சன்னல். ஏழு மணிக்கு வெயில் தண்ணீரில் பட்டு அந்தச் சன்னல் வழியாக உள்ளே கொட்டியது. பூச்சு போன கண்ணாடிக்கு அதுதான் எமன். உள்ளே போகிற வெளிச்சம் கண்ணாடிக்குக் கண்ணாடி முட்டி மோதிப் படம் முழுக்க வெள்ளையைப் பரப்பிவிடும்.

முத்துமாலை நாலைந்து படம் எடுத்தான். கேமராவின் பின்பக்கம் பார்த்தான். புருவம் சுருங்கியது. மறுபடி எடுத்தான், மறுபடி பார்த்தான். லென்ஸை ஊதினான். பட்டன்களை மாற்றினான். சன்னல் வெளிச்சத்தால் இருக்குமோ என்று திரும்பி நின்று, கூட்டத்தைப் பார்த்து இரண்டு மூன்று எடுத்தான். அதையும் பார்த்தான். உள்ளங்கையால் நெற்றியைத் துடைத்தான்.

கணேஷ்ராம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ கல்யாணங்களில் படம் எடுத்திருக்கிறான், ஒரு கல்யாணத்தையாவது இவ்வளவு ரசித்துப் பார்த்ததில்லை. சந்தோசம் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. எங்கே போச்சு உன் நெய் நிறம், எடுடா பார்ப்போம் என்று மனசுக்குள் கூத்தாடினான். நாதசுரக்காரர்கூட அவனுக்காகத்தான் வாசிப்பது போல இருந்தது.

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது முத்துமாலை அவனிடம் வந்து குனிந்தான். "அண்ணாச்சி, படத்து மேல மோர ஊத்துன மாதிரி வருது. வெள்ளையா வருது, கலரே இல்ல. கழட்டும்போது உள்ள ஏதும் எறங்கிட்டா?"

கணேஷ்ராம் வாயைத் திறக்கும் முன்னால் சித்ரலேகா அங்கே வந்து நின்றாள். "என்ன தம்பி, கண்ணாடி பளிச்சுனு இருக்கா? நீலம் பாஞ்சு கெடந்துச்சு. நான்தான் விபூதி போட்டு வெள்ளி மாதிரித் துலக்கி வச்சேன்."

முத்துமாலை லென்ஸைத் திருப்பி, சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தான். நீளமாகப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நான் எதும் தப்பு பண்ணிட்டேனா?"

"அவளுக்கு என்ன தெரியும்டே" என்றான் கணேஷ்ராம். "பூச்சுன்னா அவளுக்கு என்னன்னு தெரியும்? நான் பக்கத்துல இருந்திருந்தா விட்டிருப்பனா?"

சொல்லி முடித்த பிறகுதான், தன் பெண்டாட்டியைச் சபையில் வைத்து முன்னால் தள்ளிவிட்டு, தான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டது அவனுக்கே தெரிந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முத்துமாலைதான் சமாளித்தான். "பரவால்லக்கா, நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க. அழாதீங்கக்கா, கல்யாண வீட்டுல." அவனிடம் இருந்த இன்னொரு லென்ஸ் கூட்டத்தை மொத்தமாக எடுக்கத்தான் ஆகும். முகத்துக்கு ஆகாது. அது அவர்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

சித்ரலேகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கார்ச் சாவியத் தாங்க" என்றாள். மறுக்க முடியாத குரல். கணேஷ்ராம் வெளியூர் போனால் கேமராப் பையைக் காரில் வைக்காமல் போகமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிசத்தில் அந்தப் பையைத் திறந்து, முகம் எடுக்கவென்றே அவன் வாங்கிய உசத்தியான எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸை, அவனே வருசத்துக்கு நாலு தடவைதான் வெளியே எடுக்கிறதை, முத்துமாலையின் கையில் கொடுத்தாள். இரண்டு பேருடையதும் ஒரே கம்பெனி கேமரா. "இத வச்சு எடுங்க தம்பி. எத்தன நாள் வேணும்னாலும் வச்சுக்கிடுங்க" என்றாள். கணேஷ்ராம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

திரும்பி வரும் வழியில், கார் வீரவநல்லூர் தாண்டியதும் அவள் கேட்டாள். "நான் உங்ககிட்ட கேட்டேன்லா? நீங்க 'ம்'னீய. தொடச்சுக் கொண்டாந்து காட்டுனப்பவும் 'நல்லாருக்கு'ன்னீய."

"கேட்டியா? எனக்குக் காதுல விழல. கம்ப்யூட்டர்ல கண்ணா இருந்தேன். நீ காட்டுனதையும் சரியாப் பாக்கல."

அவள் யோசித்தாள். அவன் எதற்குத்தான் "ம்" சொல்லவில்லை? அரிசி தீர்ந்துவிட்டது என்றாலும் "ம்", பக்கத்து வீட்டில் இழவு என்றாலும் "ம்". இருபது வருசத்து "ம்"கள் அவனுக்குச் சாட்சி சொல்ல வந்து நின்றன. அவள் நம்பினாள்.

"அந்தப் பிள்ள காலையில மேடையில கெடந்து முழிச்சிருக்கானே, உங்களுக்குப் பாத்ததும் தெரியலியா?"

"நான் எங்க பாத்தேன்? நான் பந்தியில்லா இருந்தேன். சாப்பிட்டுட்டு அப்பதான் மேல வந்து உக்காந்தேன்."

தேவையில்லாத பொய். ஆனால் பொய் சொல்லத் தொடங்கியவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. அதையும் அவள் நம்பினாள். எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த பத்து நாளும் உருகினாள். வெள்ளிச் சாமான் துலக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியில் அதே மாதிரி ஒரு பழைய லென்ஸ் எங்காவது கிடைக்குமா என்று தேடினாள். "யானைப் பாகன் கையிலருந்து அங்குசத்தப் பிடுங்கிட்டேனே" என்று புலம்பினாள். கணேஷ்ராமுக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிற அளவுக்குப் பாவமாக இல்லை.

அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல் பாக்கி இருந்தது. கண்ணாடி போய்விட்டது, இனி அந்தப் பயலுடைய படம் எல்லாருடைய படமும் மாதிரித்தானே வரும். ஞானசம்பந்தன் வீட்டு ஆல்பம் வரட்டும், ஊர் பார்க்கட்டும் என்று காத்திருந்தான்.

பதினோராம் நாள் படங்கள் வந்தன. முத்துமாலை சித்ரலேகாவின் கைப்பேசிக்குத்தான் அனுப்பியிருந்தான். அவள் ஒவ்வொன்றாகத் தள்ள, கணேஷ்ராம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். நெய் நிறம் இல்லை. எல்லாம் உள்ளது உள்ளபடி. வெள்ளை வெள்ளையாக, சிவப்பு சிவப்பாக, அவனுடைய லென்ஸ் எப்போதும் தருகிற அதே நேர்மையான நிறம். ஆனால் தாலி ஏறுகிறபோது ஞானசம்பந்தன் தன் வேட்டி நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்கிறார். மணப்பெண் அப்பாவின் அந்தக் கையை மட்டும் பார்க்கிறாள். கூட்டத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவன் ஒருத்தன்தான்.

கணேஷ்ராம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த லென்ஸை அவன் ஆறு வருசமாக வைத்திருக்கிறான். இப்படி ஒரு படம் அதற்குள் இருக்கிறது என்று அவனுக்கு இதுநாள் வரை தெரியாது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அது மட்டும் தெளிவாகத் தெரிந்துபோயிற்று, தெரிந்த அந்த நொடியில் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"எவ்வளவு நல்லா எடுத்திருக்கான்! உங்க லென்ஸுதான்" என்றாள் சித்ரலேகா, பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்து. கடைசிப் படத்துக்குத் தள்ளினாள்.

அதன் கீழே முத்துமாலை எழுதியிருந்தான். 'அக்கா, இது அந்தப் பழைய லென்ஸுல எடுத்தது. வெயிலாலதான் வெள்ளையடிக்குதோன்னு ஆளுங்க பக்கம் திரும்பிச் சோதிச்சுப் பாத்தேன்லா, அப்ப எடுத்தது. அழிக்கத்தான் போனேன். அண்ணாச்சி இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதான் அனுப்புதேன்.' அவன் சூது தெரிந்தவன் அல்ல. ஆசையாகத்தான் அனுப்பியிருந்தான்.

படத்தில் மோர் ஊற்றியது போல வெள்ளை. ஆனால் முகம் தெரிந்தது. முன்வரிசை, நடுநாற்காலி. கணேஷ்ராம் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் மட்டும் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கண், கன்னம், காது எல்லாம் சேர்ந்து சிரித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்க, அவன் ஒருத்தன் மட்டும் தவிக்கிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சித்ரலேகா படத்தைப் பெரிதாக்கினாள். சின்னதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள்.

"பந்தியில இருந்தேன்னீய" என்றாள்.

அவள் கைப்பேசியை அவன் கையில் வைத்துவிட்டு எழுந்து, முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள். உள்ளிருந்து அவள் குரல் வந்தது. யாரிடமோ போனில் பேசுவது போல அமைதியாக இருந்தது.

"நல்லாச் சிரிக்கீய."

கணேஷ்ராம் நின்ற இடத்திலேயே நின்றான். உள்ளே போய் அவள் காலில் விழ வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கண் படத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. ஆயுசில் யாரும் அவனை இவ்வளவு நன்றாக எடுத்ததில்லை.